ஞானப்பல் அகற்றுதல்: முன்னேற்பாடும் பின்கவனிப்பும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைசிக் கடைவாய்ப்பல்லை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னவுடன் வீட்டில் எழும் கேள்விகளும், எடுத்துவிட்டு வீடு திரும்பியபின் இரவு நேரத்தில் பதற்றத்துடன் தொலைபேசியில் கேட்கப்படும் கேள்விகளும் இங்கே ஒன்றாகத் தரப்பட்டுள்ளன. கடலூர், புதுச்சேரி வட்டாரத்து மக்களின் உணவையும் பழக்கங்களையும் மனத்தில் வைத்தே விடைகள் எழுதப்பட்டிருக்கின்றன. உங்கள் வாயையும் எக்ஸ்ரேயையும் நேரில் பார்த்த மருத்துவர் இதற்கு மாறாக ஏதேனும் சொல்லியிருந்தால், அவர் சொன்னதையே கடைப்பிடியுங்கள்.

ஞானப்பல் முளைத்தாலே எடுத்துவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. பொதுவாக 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கும் இந்தப் பல் நேராக வளர்ந்து, பிரஷ் எட்டும் இடத்தில் இருந்து, எதிர்ப்பல்லோடு சேர்ந்து மெல்லவும் உதவுமானால் அதை அப்படியே விட்டுவிடலாம். நோயில்லாத ஞானப்பல்லை வருமுன் காப்பதாகச் சொல்லி எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. ஈறு திரும்பத் திரும்ப வீங்குதல், அந்தப் பல்லிலோ பக்கத்துப் பல்லிலோ சொத்தை விழுதல், பல்லைச் சுற்றி எலும்பில் நீர்க்கட்டி உருவாதல் ஆகியவையே எடுப்பதற்கான உறுதியான காரணங்கள். ஞானப்பல் தள்ளுவதால் முன்பற்கள் நெருக்கியடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்குப் போதிய ஆதாரம் இல்லை. அந்த ஒரு காரணத்தை மட்டும் யாராவது சொன்னால், வேறு காரணம் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள்.

ஆனால், எடுத்தே ஆகவேண்டிய பல்லை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதும் நல்லதன்று. சாய்ந்து முளைத்த பல்லுக்கும் அதன் முன்னால் இருக்கும் நல்ல கடைவாய்ப்பல்லுக்கும் இடையே சோற்றுப் பருக்கை தங்கித் தங்கி, அந்த நல்ல பல்லின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாமல் அரித்துக்கொண்டே போகும். கடைசியில் ஒரு பல்லுக்குப் பதிலாக இரண்டை இழக்க நேரிடும். வயது ஏற ஏறத் தாடை எலும்பு இறுகுவதாலும், வேர் முழு நீளம் வளர்ந்துவிடுவதாலும், முப்பதுக்கு மேல் எடுப்பவர்களுக்குச் சிகிச்சையும் கடினமாகிறது, ஆறுவதற்கும் கூடுதல் நாளாகிறது.

மாத்திரை போட்டால் வலி போய்விடுகிறது. பிறகு எதற்காக எடுக்க வேண்டும்?

பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு ஒரு மடிப்பாக மூடிக்கொண்டிருக்கும். அந்த மடிப்புக்கு அடியில் சேரும் உணவுத் துணுக்கையும் கிருமிகளையும் எந்த பிரஷாலும் முழுமையாக எடுக்க முடியாது. மாத்திரையால் வீக்கம் வடியும். மடிப்பு அப்படியே இருக்கும். சில மாதங்களில் மீண்டும் வீங்கும். ஒவ்வொரு முறையும் மருந்துக்கடையில் தாமாகவே ஆன்டிபயாடிக் வாங்கி இரண்டு நாள் விழுங்கிவிட்டு நிறுத்துகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். கிருமிகள் மருந்துக்குப் பழகிப்போவதைத் தவிர அதனால் வேறு பயன் இல்லை.

மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்கிறார்களே?

இந்த வட்டாரத்தில் எந்தப் பல் மருத்துவரும் வாரம் ஒருமுறையாவது கேட்கும் கேள்வி இது. விடை திட்டவட்டமானது: பார்வை போகாது. பார்வையைச் சுமந்து செல்வது பார்வை நரம்பு. அது விழியின் பின்புறத்திலிருந்து நேரே மூளைக்குச் செல்கிறது. பற்களுக்கு உணர்ச்சியைத் தருவது முக்கிளை நரம்பு என்னும் வேறொரு நரம்பு. அதன் ஒரு கிளை நெற்றிக்கும் கண்ணைச் சுற்றியுள்ள பகுதிக்கும், மற்றொன்று மேல்தாடைக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கும் செல்வதால், கடும் பல்வலி உள்ளவருக்குக் கண்ணுக்கு மேலும் காதைச் சுற்றியும் குத்துவது உண்மைதான். அந்த அனுபவத்திலிருந்து இந்த அச்சம் பிறந்திருக்கலாம். மேலும், பல் எடுக்கும் வயதிலேயே பலருக்கு வெள்ளெழுத்தும் வந்து சேர்வதால், ஒன்றின் பழி மற்றொன்றின் மேல் விழுகிறது. பெரியவர்களிடம் இதைச் சொல்லும்போது கேலி செய்யாமல், நரம்புகள் வேறு வேறு என்று விளக்கினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

எந்த மருத்துவமனைக்குப் போகலாம்?

நேராக முளைத்த பல்லை அனுபவமுள்ள எந்தப் பல் மருத்துவரும் எடுத்துவிடுவார். எலும்புக்குள் புதைந்த பல்லுக்கு வாய் மற்றும் முகத்தாடை அறுவை சிகிச்சை நிபுணர் செய்வதே நல்லது. புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மரின் பல் மருத்துவப் பிரிவும், புதுச்சேரி அரசின் மகாத்மா காந்தி பட்டமேற்படிப்புப் பல் மருத்துவ நிறுவனமும் உள்ளன. பிள்ளையார்குப்பத்தில் இந்திரா காந்தி பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கடலூர் மாவட்டத்தின் தென்பகுதியில் இருப்பவர்களுக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகரில் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகில் உண்டு. கல்லூரி மருத்துவமனைகளில் செலவு குறைவு. ஆனால் முதல் நாளே பல்லை எடுத்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் முடித்துத் தேதி தருவதே அங்கு வழக்கம்.

மருத்துவரிடம் முன்கூட்டியே எவற்றைச் சொல்ல வேண்டும்?

நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். "பிரஷருக்கு ஒரு வெள்ளை மாத்திரை" என்று வாயால் சொல்வதைவிட அந்த அட்டை ஆயிரம் மடங்கு பயன்படும்.

இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்னும் வலைக்குழாய் வைத்தவர்களும் பக்கவாதம் வந்தவர்களும், இரத்தம் உறைந்து அடைக்காமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுகிறார்கள். பல் எடுக்கப் போகிறோம் என்று இவற்றைத் தாமாகவே நான்கைந்து நாளைக்கு நிறுத்திவிட்டு வருவது மிகவும் ஆபத்தான பழக்கம். பல் எடுத்த இடத்தில் சற்றுக் கூடுதலாகக் கசியும் இரத்தத்தைத் தையல் போட்டும் அழுத்தம் கொடுத்தும் நிறுத்திவிடலாம்; மாத்திரையை நிறுத்தியதால் ஸ்டென்ட்டில் அடைப்பு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்குச் சிகிச்சைக்குச் சற்று முன்னதாக, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்து, அதன் அளவைப் பார்த்த பின்னரே முடிவு செய்வார்கள். எந்த மாத்திரையைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்பதைப் பல் மருத்துவரும் இதய மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும்.

எலும்புத் தேய்மானத்துக்கோ, புற்றுநோய் எலும்பில் பரவியதற்கோ அலென்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம் போன்ற மருந்துகளை எடுத்துக்கொண்டவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை போடும் ஊசியாக இருந்தால் பலருக்கு அது நினைவிலேயே இருப்பதில்லை. இம்மருந்துகளுக்குப் பின் பல் எடுத்தால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் மடிந்துபோகக்கூடும். முகத்திலோ கழுத்திலோ கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

சர்க்கரை நோய் இருந்தால் அண்மைய பரிசோதனைத் தாளும், பெனிசிலின் முதலான மருந்து ஒவ்வாமை இருந்தால் அதன் விவரமும் தேவை. இரத்த அழுத்தம் 180/110க்கு மேல் இருந்தால் அன்றைய சிகிச்சையைத் தள்ளிவைப்பதே பொதுவான நடைமுறை. கர்ப்பிணிகள் அவசரமில்லாவிட்டால் பிரசவத்துக்குப் பின் எடுத்துக்கொள்ளலாம். தவிர்க்க முடியாவிட்டால் நான்கு முதல் ஆறு மாதத்துக்குள்ளான காலம் ஏற்றது.

தேதி குறித்த பிறகு காய்ச்சல் வந்துவிட்டால்?

தள்ளிப்போடுங்கள். குறிப்பாக ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கடலூரிலும் புதுச்சேரியிலும் டெங்கு தலைகாட்டும்போது, காய்ச்சலோடு பல் எடுப்பது கூடவே கூடாது. டெங்குவில் இரத்தத் தட்டணுக்கள் குறைவதால் இரத்தம் எளிதில் நிற்காது. அத்துடன், பல்வலிக்காக ஐப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைச் சாப்பிட்டால் இரத்தக்கசிவு அபாயம் மேலும் கூடும். காய்ச்சல் அடிக்கும் நாள்களில் பல்வலிக்குப் பாராசிட்டமால் மட்டுமே பாதுகாப்பானது.

வெறும் வயிற்றில் வர வேண்டுமா?

அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசியில் பல் எடுப்பதானால் வெறும் வயிற்றில் வரவே கூடாது. பயமும் பசியும் சேர்ந்துதான் பலர் நாற்காலியில் மயங்கிச் சாய்கிறார்கள். இட்லியோ பொங்கலோ வயிறார உண்டு, வழக்கமான சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளையும் போட்டுக்கொண்டு வாருங்கள். பிறகு சில மணி நேரம் எதையும் மெல்ல முடியாது. முழு மயக்கம் கொடுத்து எடுப்பதானால் விதி நேர் எதிரானது: திட உணவு 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தப்பட வேண்டும், வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்புவரை குடிக்கலாம்.

துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு பேருந்து நடத்துநரிடம் "திருப்பாதிரிப்புலியூர்" என்று சொல்லிப் பயணச்சீட்டு வாங்குவது எளிதன்று.

எடுக்கும்போது வலிக்குமா?

ஊசி குத்தும் சில நொடிகள் வலிக்கும். அதன்பின் கீழுதட்டின் பாதி தடித்துவிட்டதைப் போன்ற உணர்வு வரும். அது முழுமையாக வந்த பின்னரே மருத்துவர் தொடங்குவார். வலி தெரியாது, அழுத்தம் நன்றாகவே தெரியும். புதைந்த பல்லானால் ஈறைக் கீறி, சுற்றியுள்ள எலும்பைச் சிறிது குடைந்து, பல்லை இரண்டு மூன்று துண்டுகளாக வெட்டி எடுப்பார்கள். குடையும் கருவியின் சத்தம் காதுக்கு மிக அருகில், எலும்பின் வழியாகவே கேட்பதால் பெரிதாகத் தோன்றும்; பல் துண்டாகும்போது 'படக்' என்றொரு ஒலி வரும். தாடை உடைந்துவிட்டதோ என்று பலர் அந்த நொடியில் கண்ணை அகல விழிப்பது வழக்கம். இவ்வொலிகளை முன்பே அறிந்திருந்தால் பாதி பயம் குறையும். உண்மையில் வலித்தால் கையைத் தூக்குங்கள். மீண்டும் ஊசி போட முடியும்.

எடுத்து முடித்தவுடன் என்ன செய்ய வேண்டும்?

பல் இருந்த குழியில் இரத்தம் உறைந்து ஒரு கட்டியாக நிற்க வேண்டும். முழங்கால் சிராய்ப்பின் மேல் பொருக்குத் தட்டுவதைப் போன்றது அது. அதன் அடியில்தான் புதுச்சதை வளரும். இந்தப் பக்கத்தில் அடுத்து வரும் தடைகளில் பெரும்பாலானவை அந்த இரத்தக்கட்டி இடம்பெயராமல் முதல் மூன்று நாள் காப்பதற்காகவே சொல்லப்படுகின்றன. காரணம் புரிந்தால் தடைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

வைத்த பஞ்சை முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். இடையிடையே எடுத்துப் பார்க்காதீர்கள். எச்சிலைத் துப்பாமல் விழுங்கிவிடுங்கள். அன்று முழுவதும் வாய் கொப்பளிக்க வேண்டாம். கன்னமும் உதடும் சுமார் 3 முதல் 5 மணி நேரம் மரத்திருக்கும் என்பதால், அதற்குள் காப்பி குடித்தால் சூடு தெரியாமல் வாய் வெந்துவிடும். கீழுதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வதும் நடக்கும். இரவில் இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள்.

எச்சிலில் இரத்தம் வந்துகொண்டே இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

முதல் நாள் எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பதும், காலையில் தலையணை உறையில் கறை தெரிவதும் இயல்பு. துளி இரத்தம் வாய்நிறைய எச்சிலில் கலந்து பெரிதாகத் தெரியும். வாய் திரும்பத் திரும்பச் சிவப்பு இரத்தமாகவே நிரம்பினால், மருத்துவர் கொடுத்தனுப்பிய பஞ்சுத்துணியை நனைத்துப் பிழிந்து சுருட்டி, சரியாகக் குழியின் மேல் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்தபடி அரைமணி நேரம் கடித்திருங்கள். பலர் பஞ்சைப் பக்கத்துப் பற்களுக்கு நடுவில் வைத்துவிட்டு நிற்கவில்லை என்கிறார்கள். குழியின் மேல் அழுத்தம் விழாவிட்டால் பயனில்லை. அதன்பின்னும் நிற்காவிட்டால் நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கன்னம் வீங்கிவிட்டது. ஒத்தடம் கொடுக்கலாமா?

முதல் நாள் குளிர் ஒத்தடம் மட்டுமே. பனிக்கட்டியைத் துண்டில் சுற்றிக் கன்னத்தின் வெளிப்புறம் 15 நிமிடம் வைத்து, அதே அளவு இடைவெளி விட்டு மீண்டும் வையுங்கள். எலும்பைக் குடைந்து எடுத்த பல்லானால் வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய்ப் பின்னர் வடியத் தொடங்கும். மூன்றாம் நாள் கண்ணாடியைப் பார்த்து, நிலைமை மோசமாகிவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள்.

வீட்டுப் பெரியவர்கள் அன்பினால் செய்யும் உப்பு ஒத்தடம், தவிட்டு ஒத்தடம், மூலிகைப் பற்று ஆகியவற்றை முதல் நாளில் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். சூடு இரத்தக் கசிவையும் வீக்கத்தையும் கூட்டும். குழிக்குள் மஞ்சள்தூள் வைப்பது, கிராம்புத் தைலம் ஊற்றுவது, ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் அடக்கிக்கொள்வது ஆகியவை சதையை வெந்துபோகச் செய்யும் அல்லது ஆறுவதைக் கெடுக்கும்.

என்ன சாப்பிடலாம்?

முதல் நாள் ஆறிய கஞ்சி, மோர், குழைந்த தயிர்சாதம், பழச்சாறு, ஐஸ்கிரீம் ஆகியவை போதும். கேழ்வரகுக் கூழை மோர் விட்டுக் கரைத்துக் குடித்தால் வயிறும் நிறையும், மெல்லவும் வேண்டாம். இரண்டாம் நாள் முதல் சாம்பாரில் ஊறிய இட்லி, ரவைக்கஞ்சி, மசித்த பருப்புச்சாதம், முட்டை என்று மெல்ல மெல்லக் கூட்டலாம். மீன் இல்லாமல் சோறு இறங்காதவர்கள் முள் நீக்கிய வஞ்சிரத் துண்டை, காரமில்லாமல், மறுபக்கத்துப் பற்களால் மென்று உண்ணலாம். மத்தி, காரப்பொடி போன்ற முள் மீன்களை ஒரு வாரம் மறந்துவிடுங்கள். முறுக்கு, வறுகடலை, வறுத்த முந்திரி போன்று பொடிப்பொடியாக உடைபவை குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பண்ருட்டிப் பலா வரும் பருவமாக இருந்தாலும் சுளையின் நாரைக் கருதி இரண்டு வாரம் பொறுத்திருப்பது நல்லது.

இளநீர் நல்லது, ஸ்ட்ரா கூடாது. உறிஞ்சும்போது வாய்க்குள் உண்டாகும் இழுவிசை இரத்தக்கட்டியைக் குழியிலிருந்து பெயர்த்துவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இளநீர் வெட்டித் தருபவர் கேட்காமலேயே ஸ்ட்ராவைச் செருகித் தருவார். அதை எடுத்துவிட்டு, டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். ஜிகர்தண்டா, ரோஸ்மில்க் எதுவானாலும் இதே விதிதான்.

மூன்றாம் நாள் திடீரென வலி கூடுகிறது. என்ன காரணம்?

நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி, இரண்டு முதல் நான்காம் நாளுக்குள் திரும்பிவந்து, காதுவரை தெறித்து, வாயில் துர்நாற்றமும் சேர்ந்துகொண்டால், இரத்தக்கட்டி விழுந்து எலும்பு வெளியே தெரிகிறது என்று பொருள். பல் மருத்துவர்கள் இதை டிரை சாக்கெட் என்பார்கள். கண்ணாடியில் பார்த்தால் கருஞ்சிவப்புக் கட்டிக்குப் பதிலாக வெளிறிய எலும்போடு வெறும் குழி தெரியும். கீழ்த்தாடையில் புதைந்த பல்லை எடுத்தவர்களுக்கும், புகைபிடிப்பவர்களுக்கும், கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் இது வரும் வாய்ப்பு அதிகம். எல்லா விதிகளையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தவருக்கும் வருவதுண்டு என்பதால் உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டு வீட்டில் தவிப்பது வீண். மருத்துவர் குழியைக் கழுவி, மருந்திட்ட துணியை வைத்தால் பெரும்பாலோருக்குச் சற்று நேரத்திலேயே வலி தணிந்துவிடும்; தேவைப்பட்டால் ஓரிரு நாள் கழித்து மாற்றி வைப்பார்.

சிகரெட், மது?

சிகரெட்டையும் பீடியையும் குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரம் தொடக்கூடாது. ஹான்ஸ் போன்று வாயில் அடக்கும் புகையிலையும் வெற்றிலைப் பாக்கும் நேராகப் புண்ணிலேயே படுவதால் அவையும் கூடாது. மது பற்றிப் புதுச்சேரியில் தனியாகச் சொல்லித்தான் ஆகவேண்டும்: மெட்ரோனிடசோல் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், அதைச் சாப்பிடும் நாள்களிலும் முடித்தபின் மூன்று நாள்வரையும் மது அருந்தக்கூடாது. முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வரக்கூடும். "ஒரு பீர்தானே" என்பதும் மதுதான்.

வலி மாத்திரைகளை எப்படிச் சாப்பிடுவது?

மரமரப்பு முழுவதும் நீங்கும் முன்பே முதல் மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள்; வலி முற்றிய பின் அடக்குவது கடினம். ஐப்யூபுரூஃபனும் பாராசிட்டமாலும் சேர்ந்து இவ்வலிக்கு நன்றாக வேலை செய்கின்றன. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரையால் இளைப்பு வரும் தன்மை உள்ளவர்களுக்கு ஐப்யூபுரூஃபன் ஆகாது. டோலோவும் கால்பாலும் பெயர்தான் வேறு, இரண்டும் பாராசிட்டமாலே. காம்பிஃப்ளாமிலும் அது இருக்கிறது. மூன்றையும் வேறு வேறு மருந்தென்று நினைத்துச் சேர்த்து விழுங்குவதால் அளவு எளிதில் மீறிவிடும். பெரியவர்களுக்கு எல்லாக் கணக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டவே கூடாது. ஆன்டிபயாடிக் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. எழுதவில்லையே என்று மருத்துவரைக் குறை சொல்லாதீர்கள்.

பல் துலக்கலாமா, தலைக்குக் குளிக்கலாமா?

அன்றிரவே மற்றப் பற்களை மென்மையான பிரஷால் துலக்கலாம். 24 மணி நேரத்துக்குப் பின், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் வாயில் வைத்து மெல்ல அசைத்து, தானாக வழியவிடுங்கள்; 'களகள'வென்று கொப்பளிக்க வேண்டாம். தலைக்குக் குளிப்பதற்கும் பல் புண்ணுக்கும் தொடர்பில்லை.

உதடு மறுநாளும் மரத்தே இருக்கிறது.

கீழ்த்தாடை ஞானப்பல்லின் வேருக்கு மிக அருகில் கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் செல்லும் நரம்பு ஓடுகிறது. நாக்குக்குச் செல்லும் நரம்பும் பக்கத்திலேயே உண்டு. அவை நசுங்கினாலோ இழுபட்டாலோ உணர்ச்சி திரும்பச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். நிரந்தரமாக நீடிப்பது அரிது. மறுநாளும் மரமரப்பு இருந்தால் மருத்துவரிடம் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். மேல்தாடையில் எடுத்தவர்களுக்குத் தண்ணீர் குடித்தால் மூக்கு வழியே வருமானால், மேல்தாடைக்கு மேலுள்ள சைனஸ் என்னும் காற்றறையோடு துளை ஏற்பட்டிருக்கலாம். மூக்கைச் சிந்தாமல், தும்மலை அடக்காமல் வாயைத் திறந்து தும்மி, உடனே காட்டுங்கள்.

எந்த அறிகுறிகளைக் கண்டால் காத்திருக்கக் கூடாது?

மோவாய்க்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம் இறங்கினால், எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தால், நாக்கு மேலே தூக்கினாற்போல் இருந்தால், மூச்சு திணறினால் 108ஐ அழையுங்கள். சீழ் கழுத்துக்குப் பரவினால் மூச்சுக்குழாய் அடைபடும். நான்காம் நாளுக்குப் பிறகு வீக்கம் கூடுவது, குளிருடன் காய்ச்சல், குழியிலிருந்து சீழ் ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவரைப் பாருங்கள். வாயை முழுதாகத் திறக்க முடியாமை முதல் வாரத்தில் இயல்பு. அது நாளுக்கு நாள் தளர வேண்டும்.

எப்போது வேலைக்குப் போகலாம்? குழி எப்போது மூடும்?

அலுவலக வேலைக்கு இரண்டு மூன்று நாளில் போகலாம். மூட்டை தூக்குபவர்கள், படகில் வலை இழுப்பவர்கள், உடற்பயிற்சிக் கூடம் போகிறவர்கள் ஒரு வாரம் பொறுப்பது நல்லது. முக்கித் தூக்கும்போது இரத்தம் மீண்டும் கசியலாம். கரையாத நூலால் போட்ட தையலை ஏழாம் நாள் வாக்கில் பிரிப்பார்கள். கரையும் நூல் தானாக விழும். ஈறு மூட மூன்று நான்கு வாரமும், உள்ளே எலும்பு நிரம்ப மூன்று முதல் ஆறு மாதமும் ஆகும். இடைப்பட்ட நாள்களில் குழிக்குள் பருக்கை அடைந்தால் குச்சியாலோ ஊக்காலோ குத்தாதீர்கள். ஒரு வாரம் கழித்து, ஊசியில்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான உப்புநீரை நிரப்பி மெல்லப் பீய்ச்சினால் வெளியே வந்துவிடும். சிரிஞ்சைத் தையல் பிரிக்கப் போகும்போது மருத்துவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கோணத்தில் பீய்ச்ச வேண்டும் என்பதையும் அவர் காட்டித் தருவார்.